ஓதத் தெரிந்த பெண்களுக்கு எழுதத் தெரியாதா? இடைக்கால இஸ்லாமிய உலகின் பெண் எழுத்தர்கள் பற்றி ஒரு கேள்வி

வெள்ளாற்றுமகள், புதுச்சேரி

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பூர்விகம் பரங்கிப்பேட்டை. திருமணமாகி வந்த நாள்முதல் புதுச்சேரியில் முல்லா வீதிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். என் கேள்வி வரலாறு பற்றியது என்றாலும், அது எங்கள் வீட்டுக் கூடத்தில் பிறந்தது. ஆகவே வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயாரின் தாயாரை நாங்கள் நன்னி என்று அழைத்தோம். அவர் குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுவார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் அச்சான பழைய மாலைகளையும், நோன்பு, தொழுகைச் சட்டங்களைச் சொல்லும் நூல்களையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பார். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளில் அவரிடம் ஓதாதவர் குறைவு. அப்படிப்பட்டவர் ரேஷன் கடையிலும் அஞ்சலகத்திலும் கடைசிவரை கைநாட்டே வைத்தார். அவருடைய தம்பிமார் மரப்பலகையில் மை தொட்டு எழுதிப் பழகியபோது, இவர் தள்ளி அமர்ந்து காதால் கேட்டு ஓதினாராம். "எங்களுக்கு ஓதக் கொடுத்தார்கள், எழுதக் கொடுக்கவில்லை" என்று வருத்தமும் இல்லாமல் பெருமையும் இல்லாமல் சொல்வார்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் இப்போது யூடியூப் பார்த்து அரபு வனப்பெழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு அது பற்றி ஒரு பலகை தயாரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே கிதாபுகளில் எழுதியிருந்தது என்றும், ஆகவே அக்காலத்தில் பெண் எழுத்தர் எவரும் இருந்திருக்க முடியாது என்றும் உறுதியாகச் சொன்னார். மகளோ வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, உலகின் முதல் பல்கலைக்கழகத்தைக் கட்டியவரே ஒரு முஸ்லிம் பெண்தான் என்றாள். இருவரும் அவரவர் பேச்சில் நிற்கிறார்கள், நடுவில் நான்.

அப்படி ஒரு தடை உண்மையிலேயே எழுதப்பட்டிருந்ததா? இருந்தது என்றால், பெண்கள் எழுதினார்கள் என்பதற்கு நம்பத்தக்க சான்று உண்டா? ஒரு பெண்ணின் கை பட்ட ஏடு ஏதேனும் இன்றும் எங்காவது இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மஞ்சக்குப்பத்தார், கடலூர்

சகோதரிக்கு வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் உறவினர் சொன்னதில் பாதி மெய். அந்தப் பாதியிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை.

தடை எழுதப்பட்டிருந்தது. எகிப்தில் வாழ்ந்து 1329இல் இறந்த இப்னுல் உகுவ்வா என்பவர், சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்கும் அலுவலருக்காக ஒரு கையேடு எழுதினார். எடைக்கல், ரொட்டிக் கடை, குளியல் கூடம் என்று போகும் அந்த நூலில், பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரைப் பற்றி எழுதும்போது, அவர் பெண்ணுக்கோ அடிமைப் பெண்ணுக்கோ எழுதக் கற்பிக்கக் கூடாது என்றும், எழுதக் கற்கும் பெண் நஞ்சு ஊட்டப்பட்ட பாம்பைப் போன்றவள் என்று சொல்லப்படுவதாகவும் குறித்திருக்கிறார். இதற்குத் துணையாக நபிகளின் பெயரால் ஓர் அறிவிப்பும் உலவியது: பெண்களுக்கு எழுத்தைக் கற்பிக்காதீர்கள், நூல் நூற்பதைக் கற்பியுங்கள் என்பது அதன் கருத்து.

ஆனால் இதற்கு நேர் எதிரான செய்தி, நபிகளின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளான ஹதீஸ்களைத் தொகுத்த நூல்களில் மதிப்புப் பெற்ற அபூதாவூதின் தொகுப்பிலேயே இருக்கிறது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்ற மக்கா நகரப் பெண்மணி, நபிகளின் துணைவியரில் ஒருவரும் உமரின் மகளுமான ஹஃப்ஸாவுக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார். அதைக் குறிப்பிட்டே, தோல் புண்ணுக்கு ஓதிப் பார்க்கும் முறையையும் அவருக்குக் கற்றுக்கொடுக்கலாகாதா என்று நபிகள் ஷிஃபாவைக் கேட்டதாக அந்த அறிவிப்புச் சொல்கிறது. முதல் கலீஃபா அபூபக்ர் காலத்தில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள் பிற்பாடு அதே ஹஃப்ஸாவின் பாதுகாப்பில்தான் இருந்தன. மூன்றாம் கலீஃபா உஸ்மான் பிரதிகள் எடுக்க முற்பட்டபோது அவரிடமிருந்தே இரவல் பெற்றார்.

சரி, இது ஏழாம் நூற்றாண்டு. பின்னர் என்ன ஆயிற்று என்பதுதானே உங்கள் கேள்வி? பதினோராம் நூற்றாண்டு பக்தாதுக்கு வாருங்கள். அங்கே ஃபாத்திமா என்ற ஒரு பெண்மணி இருந்தார். ஹஸன் என்பவரின் மகள், பின்துல் அக்ரா என்ற பெயரால் அறியப்பட்டவர். வனப்பெழுத்து ஆசான் இப்னுல் பவ்வாபின் வழியில் எழுதியவர் என்றும், இந்த ஃபாத்திமாவின் எழுத்தை மாதிரியாக வைத்து மற்றவர்கள் எழுதிப் பழகினார்கள் என்றும் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. கலீஃபாவின் அலுவலகத்திலிருந்து பைஸாந்திய அரசருக்கு அனுப்ப வேண்டிய சமாதான உடன்படிக்கைக் கடிதத்தை எழுத அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேரரசுகளுக்கிடையே போகும் ஓலை, எதிரி நாட்டு அவையில் விரிக்கப்படும்போது அழகு குறையக் கூடாது அல்லவா? ஸல்ஜூக் அமைச்சர் குந்துரிக்குத் தாம் எழுதிய ஒரே ஒரு தாளுக்கு ஆயிரம் தீனார் பெற்றதாக அவர் கூறியதும் பதிவாகியிருக்கிறது. அவர் இறந்தது 1087இல். அதாவது அக்கையேடு எழுதப்படுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே.

அடுத்து ஷுஹ்தா. என் கருத்தில் உங்கள் மகளின் பலகையில் நடுவே நிற்க வேண்டிய பெயர் இது. தந்தை அஹ்மத், "இபரி" என்று அழைக்கப்பட்டவர். ஊசித் தொழிலைக் குறிக்கும் பெயர் அது. மகளுக்கோ இரண்டு பட்டங்கள்: "ஃபக்ருன் நிஸா", பெண்குலத்தின் பெருமை, "காத்திபா", எழுத்தர். எழுத்தழகுக்காகவும் ஹதீஸ் அறிவுக்காகவும் ஒருசேரப் புகழ் பெற்று, தொண்ணூறு வயதைக் கடந்து 1178இல் பக்தாதில் இறந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் பக்தாதின் புகழ்பெற்ற மார்க்க அறிஞர் இப்னுல் ஜவ்ஸியும் ஒருவர். இங்கேதான் ஒரு சுவையான முடிச்சு இருக்கிறது. பெண்களுக்கு எழுத்தைக் கற்பிக்காதீர்கள் என்று மேலே சொன்னேனே, அந்த அறிவிப்பை, புனைந்து சேர்க்கப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த தம் நூலில் சேர்த்து, அது சரியானதன்று என்று ஒதுக்கியவரும் இதே இப்னுல் ஜவ்ஸிதான். ஒரு பெண் எழுத்தரின் முன் அமர்ந்து படித்த மனிதர் அவர்.

கையேட்டின் தடையை நான் வேறு விதமாகவும் படிக்கிறேன். ஆசிரியரைப் பார்த்து இதைச் செய்யாதே என்று அலுவலர் சொல்ல வேண்டியிருந்தது என்றால், யாரோ அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

முதுநகர்வாசி, கடலூர்

ஐயா அவர்களின் பதிலை ஆர்வத்துடன் படித்தேன். ஆனாலும் சில ஐயங்களை வெளிப்படையாகவே கேட்கிறேன்; தவறாக எண்ண வேண்டாம்.

இணையத்தில் இப்பொருளைப் பற்றி உலவும் செய்திகளில் பெரும்பாலானவை உப்பும் மிளகும் தூக்கலாகச் சேர்ந்தவை. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி கட்டினார் என்று சொல்லப்படும் கரவிய்யீன்தான் உங்கள் மகள் காட்டிய செய்தியின் முதல் பல்கலைக்கழகம்; அது தொடக்கத்தில் ஒரு பள்ளிவாசல். அவர் கட்டிய கதையை விரிவாகச் சொல்பவர் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு அபீ ஸர்உ, அதாவது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின். வானியல் கருவியான அஸ்தர்லாபைச் செய்த "மர்யம்" என்று ஒருவரைப் படத்தோடு பகிர்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் இப்னுந் நதீம் தொகுத்த நூற்பட்டியலில், அக்கருவி செய்வோர் வரிசையில் இஜ்லீ குடும்பப் பெண் ஒருவர் குறிக்கப்படுவது உண்மை. ஆனால் மர்யம் என்ற பெயர் அங்கே இல்லை. பெயரும் முகமும் நம் காலத்தவர் வழங்கியவை.

ஷுஹ்தாவைப் பற்றியும் ஒரு செய்தி படித்தேன். புகழ்பெற்ற வனப்பெழுத்தர் யாகூத் அல்முஸ்தஃஸிமிக்கு அவர் நேரடி ஆசிரியை என்கிறார்கள். யாகூத் இறந்தது 1298இல். ஷுஹ்தா இறந்தது, ஐயா சொன்னபடி, 1178இல். இடையில் நூற்றிருபது ஆண்டுகள் இருக்கின்றனவே?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிறர் நூலை அழகாகப் பிரதி எடுப்பதும், கேட்டதைக் கேட்டபடி அடுத்தவருக்குச் சொல்வதும் அறிஞர் பணியாகுமா? நல்ல கையெழுத்துள்ள எழுத்தரை நாம் அறிஞர் என்று அழைப்பதில்லையே.

நாணல்பேனா, புதுச்சேரி

முதுநகர்வாசியின் கடைசிக் கேள்விக்கு ஐயா விடை சொல்லட்டும். எழுத்துப் பணியைப் பற்றி மட்டும் நான் சில சொல்கிறேன். திருமண அழைப்பிதழ்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் அரபு எழுத்து எழுதிக் கொடுப்பது என் தொழில்.

அரபு வனப்பெழுத்தை நல்ல கையெழுத்து என்று சொல்வது, பரதநாட்டியத்தை நல்ல நடை என்று சொல்வதைப் போன்றது. நாணல் தட்டையைச் சாய்வாகச் சீவி, நுனியைப் பிளந்து, அந்த நுனியை ஒருமுறை தாளில் அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். அலிஃப் எத்தனை புள்ளி உயரம், நூனின் குழி எத்தனை புள்ளி அகலம் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்கு உண்டு. இந்தக் கணக்கை வகுத்தவராகப் பக்தாதின் அமைச்சர் இப்னு முக்லாவைச் சொல்வார்கள். அவர் 940இல் சிறையில் இறந்தார், அதற்கு முன் அவருடைய வலக்கையை வெட்டினார்கள் என்பது தனிச் சோகம். அவர் வகுத்ததை மெருகேற்றியவர் இப்னுல் பவ்வாப். ஹிஜ்ரி 391இல், அதாவது கி.பி. 1000-1001இல் அவர் எழுதிய குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஆகவே பின்துல் அக்ரா இப்னுல் பவ்வாபின் வழியில் எழுதினார் என்று பழைய நூலாசிரியர் ஒருவர் குறித்தால், அது வெறும் பாராட்டு அன்று; எந்த ஆசிரிய மரபின் அளவுகளை அவர் கைக்கொண்டார் என்பதைத் தொழிலறிந்து சொன்ன வார்த்தை.

யாகூத் பற்றிய ஐயம் மிகச் சரி. எங்கள் தொழிலில் ஆசிரியர் மரபைச் சங்கிலியாகச் சொல்வது வழக்கம். இப்னுல் பவ்வாபுக்கும் யாகூத்துக்கும் நடுவில் ஷுஹ்தாவின் பெயரை வைத்து மரபுப் பட்டியல்கள் சொல்கின்றன. சங்கிலியில் இடையிலுள்ள கண்ணிகள் சில உதிர்ந்துவிட்டன. உதிர்ந்ததை மறந்து, நேரடி ஆசிரியை என்று பின்னால் வந்தவர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் ஆண்களே நிறைந்த அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரை எவரும் நீக்க நினைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாகவே படுகிறது.

பெண்ணின் கை பட்ட ஏடு இருக்கிறதா என்று கேட்டீர்கள், சகோதரி. இருக்கிறது, அதுவும் எத்தகைய ஏடு! துனீசியாவின் கைரவான் நகரில், ஜீரி வம்சத்து அரச குடும்பத்தில் செவிலித்தாயாக இருந்த ஃபாத்திமா, ஹிஜ்ரி 410இல், கி.பி. 1020 வாக்கில், அந்நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு ஒரு குர்ஆனைக் காணிக்கையாக்கினார். தோல் ஏட்டில், பக்கத்துக்கு ஐந்தே வரிகளாக, ஒவ்வோர் எழுத்தும் கத்தி போல் முனை கொண்டு நிற்கும் பெரும்படைப்பு அது. செவிலியின் முஸ்ஹஃப், அதாவது செவிலியின் குர்ஆன் பிரதி, என்றே அதற்குப் பெயர். எழுதி, உயிர்க்குறி இட்டு, பொன் பூசி, கட்டமைத்தவர் அலீ இப்னு அஹ்மத் அல்வர்ராக் என்று அதன் முடிவுரைக் குறிப்புச் சொல்கிறது. அந்தப் பணி "துர்ரா அல்காத்திபா", அதாவது எழுத்தர் துர்ரா என்ற பெண்ணின் கையால் நடந்தேறியது என்றும் அதே குறிப்பு சேர்த்துச் சொல்கிறது. அவர் மேற்பார்வையிட்டார் என்றே அந்தச் சொல்லாட்சியைப் பொதுவாகப் புரிந்துகொள்கிறார்கள். எப்படிக் கொண்டாலும், செலவு செய்தவர் ஒரு பெண், வேலையை நடத்தியவர் ஒரு பெண், எழுதியவர் ஓர் ஆண். அதன் ஏடுகள் இன்று பிரிந்து கிடக்கின்றன. பெரும்பகுதி துனீசியாவிலும், சில ஏடுகள் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் உள்ளிட்ட இடங்களிலும் இருக்கின்றன. இணையத்தில் படம் கிடைக்கும். மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சிறு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்த் தாள் ஈரம் குடித்துவிடும், மை பரவும். அக்காலத்தவர் தாளுக்கு மாக்கஞ்சியோ முட்டை வெண்கருவோ பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து எடுத்தார்கள். மகள் எழுதும்போது மை பரவினால் கையைக் குறை சொல்ல வேண்டாம், தாளைச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தார், கடலூர்

முதுநகர்வாசி அவர்களின் ஐயங்கள் நியாயமானவை. ஃபெஸ் நகரக் கதையையும் "மர்யம்" கதையையும் கண்காட்சிப் பலகையில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்தும். ஐயத்துக்கு இடமில்லாத சான்றுகள் கைநிறைய இருக்கும்போது, கடன் வாங்கிய நகை எதற்கு?

பிரதி எடுப்பதும் கேட்டதைச் சொல்வதும் அறிவுப்பணியா என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். ஹதீஸ் கல்வியில் ஒரு செய்தியின் மதிப்பு அது வந்த வழியைப் பொறுத்தது. அந்த வழிக்கு ஸனது என்று பெயர். ஸனதில் ஆட்கள் எவ்வளவு குறைவோ, பிழை புகும் வாய்ப்பும் அவ்வளவு குறைவு. எனவே குடும்பத்தார் நான்கைந்து வயதுக் குழந்தையைக்கூட முதிர்ந்த ஆசிரியரின் அவைக்கு அழைத்துச் சென்று கேட்க வைத்தார்கள். அந்தக் குழந்தை தொண்ணூறு வயது வாழ்ந்துவிட்டால், அடுத்த நூற்றாண்டு மாணவருக்கு ஒரே ஆள் இடைவெளியில் பழைய ஆசிரியர் கிடைத்துவிடுவார். ஷுஹ்தா கேட்ட ஆசிரியர்களில் ஒருவரான திராத் அஸ்ஸைனபி 1098இல் இறந்தவர். அவரிடம் கேட்டதை ஷுஹ்தா 1170களிலும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் வியப்பானது திமிஷ்கு (டமாஸ்கஸ்) நகரப் பெண்மணி ஆயிஷா பின்த் அப்துல் ஹாதியின் கதை. 1233இல் இறந்த ஸபீதியிடம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பைக் கேட்டவர் ஹஜ்ஜார் என்ற முதியவர்; நூறு வயதைக் கடந்து 1329இல் இறந்த அந்த ஹஜ்ஜாரிடம் சிறு குழந்தையாக இருந்து கேட்டவர் ஆயிஷா; ஆயிஷா இறந்தது 1413இல். மூன்றே ஆட்கள், நூற்றெண்பது ஆண்டுகள். ஹதீஸ் கலையின் பேராசான் என்று மதிக்கப்படும் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி அவரிடம் மாணவராகச் சென்றதில் வியப்பு உண்டா?

இது வெறும் ஆயுள் கெட்டியால் வந்த பெருமை என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்குத்தான் கரீமா அல்மர்வஸிய்யாவைச் சொல்ல வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் தங்கிப் புகாரியின் தொகுப்பைக் கற்பித்தவர் அவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. பக்தாதின் பெரும் வரலாற்றாசிரியர் கதீப் அல்பக்தாதி ஹஜ்ஜுக்கு வந்தபோது அவர் முன்னிலையில் அந்த முழு நூலையும் ஐந்தே நாட்களில் வாசித்து முடித்தார். மாணவர் எழுதிய பிரதியைத் தம்மிடமிருந்த மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் கரீமா விடமாட்டார் என்பதைப் பழைய நூல்கள் தனியாகக் குறிக்கின்றன. ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் நீக்குவதைத்தானே நம் உ.வே.சா.வும் செய்தார்? அவரை யாரும் பிரதி எடுத்தவர் என்று சொல்வதில்லை.

சொந்தமாகச் சிந்தித்து எழுதியவர்களும் இருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபாத்திமா அஸ்ஸமர்கந்தி என்ற சட்ட அறிஞர் இருந்தார். தந்தை எழுதிய சட்ட நூலை மனப்பாடமாக அறிந்தவர். அந்நூலுக்கு விரிவுரை எழுதிய மாணவர் காஸானிக்கு, அவ்விரிவுரையையே மஹராக, அதாவது மணமகன் தரும் மணக்கொடையாக ஏற்று, தந்தை மகளை மணமுடித்துக் கொடுத்தார் என்பது அக்காலச் சட்ட வட்டாரத்தில் புகழ் பெற்ற செய்தி. அவர்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் மார்க்கத் தீர்ப்புகளில் தந்தை, மகள் இருவரின் கையெழுத்தும் இருக்கும்; திருமணத்துக்குப் பின் மூன்று கையெழுத்துகள். சகோதரியின் நன்னியைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவை அந்த மூன்று கையெழுத்துகள்தாம். பின்னர் திமிஷ்கில் ஆயிஷா அல்பாஊனிய்யா என்ற கவிஞர் வந்தார். 1517இல் இறந்தவர், தீர்ப்பு வழங்கவும் கற்பிக்கவும் அனுமதி பெற்றவர், பல நூல்கள் இயற்றியவர். கெய்ரோவுக்குப் போகும் வழியில் கொள்ளையர் அவருடைய எழுத்துகளைப் பறித்துச் சென்றார்கள்.

எண்ணிக்கை வேண்டுமென்றால், கெய்ரோவின் ஸகாவி, ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தோரின் வரலாற்றுக் களஞ்சியத்தில் கடைசித் தொகுதி முழுவதையும் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். அதில் 1,075 பெண்கள். எல்லாரும் அறிஞர்கள் அல்லர். ஆனால் யாரிடம் படித்தார், யாருக்கு அனுமதி அளித்தார் என்ற குறிப்புகள் பலருக்கு உண்டு. எல்லாக் காலமும் இப்படி இருந்ததாகவும் எண்ண வேண்டாம். எட்டாம் நூற்றாண்டுக்குப் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பெண் ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பெயர்கள் மிக அருகியே காணப்படுகின்றன. எழுதிய நூல்களைச் சார்ந்த கல்வி வலுப்பெற்ற பத்தாம் நூற்றாண்டுக்குப் பின்னரே அவர்கள் மீண்டும் பெருகுகிறார்கள்.

முதுநகர்வாசி, கடலூர்

உ.வே.சா. உவமையோடு என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஐயம் கேட்டதற்குப் பரிகாரமாக நானும் ஒன்றிரண்டு செய்திகள் தருகிறேன்.

ஸ்பெயினின் குர்துபா நகரைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. அங்கே கலீஃபா இரண்டாம் ஹகமின் எழுத்தராக லுப்னா இருந்தார்; இலக்கணம், யாப்பு, கணக்கு, எழுத்தழகு நான்கிலும் வல்லவர், 984இல் இறந்தார் என்று பழைய குறிப்புச் சொல்கிறது. ஐந்து இலட்சம் நூல்கள் கொண்ட நூலகத்தையே அவர் ஆண்டார் என்று இன்று எழுதுவதெல்லாம் அந்தச் சில வரிகளை ஊதிப் பெருக்கியவை. அந்நகரின் கிழக்குப் புறப்பகுதியில் மட்டும் நூற்றெழுபது பெண்கள் கூஃபி என்ற பழைய அரபு எழுத்துமுறையில் குர்ஆன் பிரதி எடுத்து வந்ததாக ஒரு செய்தியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் மர்ராகுஷி எழுதியிருக்கிறார். எண்ணைத் தலைமேல் வைத்து ஆட வேண்டாம். ஆனால் பெண்கள் கூலிக்குக் குர்ஆன் எழுதுவது ஊரார் கண்ட வழக்கம் என்ற அளவுக்கு அதை நம்பலாம்.

நம் பக்கத்துக் கடற்கரைக்கும் ஒரு சான்று உண்டு. 1326இல் திமிஷ்கு சென்ற பயணி இப்னு பதூதா அங்கே எழுபத்தெட்டு வயதான ஸைனப் பின்துல் கமாலிடம் இஜாஸா, அதாவது அறிவிக்கும் அனுமதி, பெற்றார். அதே இப்னு பதூதா பிற்பாடு மேற்குக் கடற்கரையின் ஹொன்னாவருக்கு வந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் குர்ஆனை மனப்பாடமாக அறிந்திருப்பதையும், பெண்பிள்ளைகளுக்குப் பதின்மூன்று பள்ளிகளும் ஆண்பிள்ளைகளுக்கு இருபத்துமூன்று பள்ளிகளும் இருப்பதையும் கண்டு, இப்படி வேறெங்கும் பார்த்ததில்லை என்று எழுதினார். அவர் மாபார் என்று அழைத்த நம் தமிழ்க் கரைக்கும் வந்தார். அவர் குறித்தது மனப்பாடத்தைத்தான், எழுத்தை அன்று என்பதையும் கவனியுங்கள். உங்கள் நன்னி கற்ற முறைக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளாற்றுமகள், புதுச்சேரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மாலையில் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். ஃபெஸ் நகரக் கதையைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும் என்றதும் மகளுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. சமாதான உடன்படிக்கைக் கடிதம் வந்ததும் தெளிந்துவிட்டது. உறவினருக்கும் அனுப்பினேன். கையேட்டில் தடை இருந்தது என்ற வரியை மட்டும் எடுத்துக் காட்டி, நான் சொன்னேனா இல்லையா என்று பதில் அனுப்பியிருக்கிறார்; பரவாயில்லை.

கீழக்கரை செய்யிது ஆசியா உம்மாவின் ஞானப் பாடல்களை நன்னி வாய்விட்டுப் பாடுவது நினைவுக்கு வந்தது. பாடியவர் நம் கரைப் பெண்தானே, அவர் பெயரையும் பலகையில் ஓர் ஓரத்தில் சேர்க்கலாம் என்று மகள் சொல்கிறாள்.

நடுவில் ஷுஹ்தாவின் பெயரைப் பெரிதாக எழுதுவது என்று முடிவாகிவிட்டது. ஷீன், ஹா, தால், இறுதியில் வட்டமான தா, நான்கே எழுத்துகள். தால் அடுத்த எழுத்தோடு சேராது என்பதால் கடைசித் தா தனியே நிற்கிறது. அதை எவ்வளவு தள்ளி வைப்பது, தாலோடு ஒட்டினாற்போல் தெரியாமல் எத்தனை புள்ளி இடைவெளி விடுவது என்று மகள் நேற்று இரவு பத்துத் தாள் வீணாக்கினாள். நாணல்பேனா ஐயா இதற்கு ஓர் அளவு சொல்ல முடியுமா? மையும் பரவத்தான் செய்கிறது. கஞ்சி காய்ச்சலாம் என்றிருக்கிறேன்.